உப்புப் பூத்த சட்டை

முத்தையாபுரம் தாண்டித் திருச்செந்தூர் ரோட்டில் ஒரு டீக்கடை. கடைக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பளம். சித்திரையில் காலை ஒன்பதரைக்கே அந்தப் பக்கம் பார்க்க முடியாது, கண் கூசும். முதல் லாரிக்கு மூட்டை ஏற்றிவிட்டு வந்த லோடுமேன் தம்பி எனக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். நீலச் சட்டை. முதுகிலும் கக்கத்திலும் வெள்ளைக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்திருந்தன, கரையில் அலை வந்து போன தடம் மாதிரி.

"மூட்டை கசிஞ்சிருக்கும் போல" என்றேன்.

"மூட்டை உப்பு இல்ல அண்ணாச்சி, இது என் உப்பு" என்று சிரித்தார். சிரிப்பு நிலைக்கவில்லை, சட்டென்று மறைந்தது. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். சின்னவளுக்கு நேத்து ராத்திரியில இருந்து வயித்தால போவுது. ஒன்றரை வயசு. தண்ணி குடுக்கக் குடுக்கத்தான் போவுது, நிப்பாட்டுங்கன்னு எங்க அத்தை சொல்லுதாங்க. நிப்பாட்டலாமா?"

ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வருஷம் மருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் பாதிப் பேருக்கு நான் மருந்துக்கார அண்ணாச்சிதான். இந்தக் கேள்வியை எத்தனை தாய்மார்கள் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார்கள் என்று கணக்கில்லை. "விளக்கம் அப்புறம். முதல்ல வீட்டுக்குப் போன் போடுங்க" என்றேன்.

ஸ்பீக்கரில் அவர் மனைவி. ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிள்ளை காலையில் ஒண்ணுக்குப் போனாளா? போனாள். அழுதால் கண்ணீர் வருகிறதா? வருகிறது. கண் உள்ளே போயிருக்கிறதா? இல்லை, எப்போதும் போலத்தான். தண்ணீரைக் காட்டினால்? "டம்ளரப் பிடுங்குதா அண்ணாச்சி." சரி தாயி, தொப்புளுக்குப் பக்கத்தில் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துத் தூக்கி விடு. உடனே விழுகிறதா, மடிப்பு அப்படியே நிற்கிறதா? "உடனே விழுந்திருச்சு."

"நல்லது. தண்ணியை நிப்பாட்டாத, தாய்ப்பாலை நிப்பாட்டாத. கிராம நர்சம்மாகிட்ட ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கிக்கோ. இன்னிக்கே ஆஸ்பத்திரியில ஒரு தடவ காட்டிரு. கண் குழி விழுந்தாலோ, தோல் மடிப்பு நின்னாலோ, பிள்ளை துவண்டு படுத்தாலோ, குடிக்க மாட்டேன்னு முகத்தத் திருப்பினாலோ, மலத்துல ரத்தம் தெரிஞ்சாலோ காத்திருக்காத, அந்த நிமிஷமே தூக்கிட்டு ஓடு."

போனை வைத்ததும் அவருக்குப் பாதி உயிர் வந்தது. "எதுக்கு நிப்பாட்டக் கூடாதுன்னு விவரமாச் சொல்லுங்க அண்ணாச்சி. வீட்டுல அத்தைக்கு நான்தான் பதில் சொல்லணும்." இரண்டு டீ சொன்னேன்.

டீ வந்ததும் கிளாஸைத் தூக்கிக் காட்டினேன். இந்தக் கடைக் கிளாஸ் நிறைய ஊற்றினால் 100 மில்லி பிடிக்கும். பத்து கிளாஸ் ஒரு லிட்டர். இதையே படியாக வைத்துக்கொள்வோம். அறுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பில் ஏறத்தாழ 36 லிட்டர் தண்ணீர் இருக்கிறது, அதாவது 360 கிளாஸ். எல்லாம் ஓரிடத்தில் இல்லை. 240 கிளாஸ் கோடிக்கணக்கான செல்களுக்கு உள்ளே இருக்கிறது. அதை உள்ளறை என்போம். மீதி 120 கிளாஸ் செல்களுக்கு வெளியே, வெளியறையில். அந்த 120-லும் ரத்தக் குழாய்க்குள் ஓடுவது சுமார் 30 கிளாஸ்தான். மீதி 90 செல்களைச் சுற்றி ஊறிக் கிடக்கிறது. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் சரக்கு கொண்டுபோகும் லாரி ஓடுவது அந்த 30 கிளாஸில்தான்.

"உள்ளறைக்கும் வெளியறைக்கும் நடுவுல சுவர் இருக்குல்லா? தண்ணி எப்படிப் போவும் வரும்?" என்று கேட்டார். தண்ணீருக்கு அந்தச் சுவர் ஒரு சல்லடை. ஆனால் உப்பு நினைத்தபடி தாண்ட முடியாது. வெளியறையில் சோடியம், நம் சாப்பாட்டு உப்பில் இருப்பது. உள்ளறையில் பொட்டாசியம். எந்தப் பக்கம் உப்பு கூடுகிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். மாங்காய்க் கீற்றில் உப்பைத் தூவி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விடுகிறதே, அதேதான்.

அவர் முகம் தெளிந்தது. "மழைக்காலத்துல மூட்டை சும்மா வச்ச இடத்துல கசியும் அண்ணாச்சி. காத்துல இருக்கிற தண்ணிய உப்பு இழுத்துக்கிடும். உப்பு எங்கயோ தண்ணி அங்க, அதான?"

உடம்புக்குள் நடப்பது வேறு வழி என்றாலும் முடிவு அதேதான். நான் சொல்ல வந்ததை அவரே சொல்லிவிட்டார். நீரிழப்பு என்ற சொல்லில் நீர் மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் நாம் நீரை மட்டும் நினைக்கிறோம். உடம்பிலிருந்து தண்ணீர் தனியாகக் கிளம்புவது குறைவு, பெரும்பாலும் உப்பைக் கூட்டிக்கொண்டுதான் கிளம்புகிறது. எவ்வளவு உப்போடு போகிறது என்பதை வைத்துத்தான் அது எந்த அறையைக் காலி செய்யும் என்பது தீர்மானமாகிறது.

முதலில் நாள்வரவு செலவு. நிழலில் சும்மா இருக்கும் மனிதர் ஒருவருக்குச் சிறுநீரில் 15 கிளாஸ், மூச்சிலும் தோலிலும் கண்ணுக்குத் தெரியாமல் 8 கிளாஸ், மலத்தில் ஒன்றோ இரண்டோ கிளாஸ் போகும். ஆக ஏறத்தாழ 25. குடிப்பதிலும் சோறு, குழம்பு, பழத்திலும் அது திரும்ப வந்துவிடும். மூன்று கிளாஸ் அளவுக்கு உடம்பே உணவை எரிக்கும்போது தயாரித்துக்கொள்ளும். வெயிலில் மூட்டை தூக்குகிறவர் கணக்கு வேறு. ஒரு மணி நேரத்தில் வியர்வை மட்டும் 10 கிளாஸ் போய்விடும். நம் ஊரில் இன்னொரு சங்கடம். வியர்வை காற்றில் உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். கடல் காற்றில் ஈரம் ஏறிய நாளில் வியர்வை உலராமல் சொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீரும் போகிறது, சூடும் இறங்குவதில்லை.

இப்போது இரண்டு இழப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று அவர் சட்டையில் இருப்பது, இன்னொன்று அவர் மகளுக்கு நடப்பது.

வியர்வை உப்புக் கரிக்கும், ஆனால் ரத்தத்தின் அளவுக்குக் கரிக்காது. ஒரு லிட்டர் வியர்வையில் ஆளுக்குத் தக்கபடி 1 முதல் 4 கிராம் உப்பு இருக்கும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் ரத்தத்துக்கு இணையாகச் செய்தது, அதில் லிட்டருக்கு 9 கிராம். ஆகவே வியர்க்கும்போது உப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம் போகிறது. வெளியறையில் மிஞ்சிய உப்பு அடர்த்தியாகிறது. உடனே உள்ளறையிலிருந்து தண்ணீர் வெளியே வந்து ஈடுகட்டும், மாங்காய்க் கீற்று தண்ணீர் விடுவது போல. செல்கள் கொஞ்சம் சுருங்கும். 10 கிளாஸ் இழப்பை 360 கிளாஸும் பங்கு போட்டுக்கொள்ளும். ரத்தத்துக்கு வரும் அடி சிறிது.

காலரா போன்ற பேதியில் கதை வேறு. அதில் போகும் தண்ணீர் ஏறத்தாழ ரத்தத்தின் உப்போடேயே போகிறது. வெளியறையில் உப்பின் அடர்த்தி மாறுவதில்லை, அளவு மட்டும் குறைகிறது. அடர்த்தி மாறாததால் உள்ளறைக்குச் சேதி போவதில்லை, அங்கிருந்து உதவியும் வருவதில்லை. 10 கிளாஸும் அந்த 120-லிருந்துதான் போக வேண்டும். ஓடுகிற 30 கிளாஸ் சீக்கிரமே வற்றத் தொடங்கும். நாடி நூலாகும், கை கால் சில்லிடும், சிறுநீர் நிற்கும். கடுமையான காலராவில் பெரியவர் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும் என்றால் சில மணி நேரத்தில் ஆள் சாய்வது எப்படி என்று புரியும். குழந்தைகளின் சாதாரண வயிற்றுப்போக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும். தண்ணீரும் போகும், கணிசமான உப்பும் போகும்.

"ரெண்டுக்கும் ஒரே பேருதான சொல்லுதோம்" என்றார் தம்பி. ஒரே பெயர்தான். ஒன்று உடம்பு காய்வது, இன்னொன்று ஓடுகிற ரத்தமே வற்றுவது. மருத்துவர்கள் இவற்றைப் பிரித்துப் பார்ப்பார்கள். பாதி நேரம் இரண்டும் கலந்தே வரும்.

உடம்புக்குத் தன் கணக்கு தெரியாமல் இல்லை. மூளையின் அடிப்பகுதியில் உப்பின் அடர்த்தியை அளக்கும் செல்கள் இருக்கின்றன. ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலே அவை சுருங்கி, தாகத்தைக் கிளப்பும், சிறுநீரகத்துக்கும் ஓர் உத்தரவு போகும். சிறுநீரகம் ஒரு நாளில் ரத்தத்திலிருந்து வடிகட்டுவது 180 லிட்டர், நம் கணக்கில் 1,800 கிளாஸ். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை எப்போதும் திரும்ப எடுத்துக்கொள்ளும். உத்தரவு வந்தால் மிச்சத்தையும் இறுக்கிப் பிடிக்கும். அப்போது வெளியே வரும் சிறுநீர் குறைந்து, பால் விடாத டீ நிறத்துக்குப் போகும், எரியும். ஊரில் சூடு பிடித்துக்கொண்டது, நீர்க்கடுப்பு என்பார்கள். எலுமிச்சைச் சாற்று நிறத்தில் தாராளமாகப் போனால் வரவு செலவு சரி என்று அர்த்தம்.

இந்த இடத்தில் அவர் குரலைத் தணித்தார். அளத்தில் உப்பு வாரும் பெண்கள் வேலை முடியும்வரை தண்ணீரே குடிப்பதில்லை, ஒதுங்க இடம் இல்லை என்றார். முப்பது வருஷமும் அந்தப் பெண்களுக்கு நீர்க்கடுப்புக்கு மருந்து கொடுத்தவன் நான். மருந்துச் சீட்டில் கழிப்பறை என்று எழுத வழியில்லை. உடம்பில் தாகம் சரியாகத்தான் வேலை செய்கிறது. கேட்டும் கேளாததுபோல் இருக்க வேண்டிய நிலைமையில் அவர்கள் இருக்கிறார்கள். வருஷக்கணக்கில் இப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் சிறுநீரகத்துக்குத்தான் கேடு. கல்லும் அங்கேதான் சேரும்.

சின்னவளிடம் திரும்பி வந்தோம். போன வாரம் அங்கன்வாடியில் எடை போட்டபோது பத்து கிலோ. உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு தண்ணீர் போனால் குழந்தையின் முகத்திலும் தோலிலும் அது தெரிய ஆரம்பிக்கும். பத்து பங்கு போனால் உயிருக்கு ஆபத்து. பத்து கிலோவில் ஐந்து பங்கு என்றால் அரை லிட்டர். டீ கிளாஸை மேசையில் வைத்தேன். "இதுல அஞ்சு. ஆபத்துங்கிறது இதுல பத்து."

அவர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்வளவுதானா?" அவ்வளவுதான். நமக்கு ஒரு மணி நேர வியர்வை, அவளுக்கு உயிர். ராத்திரியிலிருந்து நான்கைந்து தடவை தண்ணீராகப் போயிருக்கிறது என்றால், உள்ளே ஒன்றும் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது என்ன கணக்கு?

"ஆனா குடிக்கக் குடிக்கப் போவுதே, அதுக்கு என்ன சொல்ல?" அத்தை பார்த்தது பொய் இல்லை, பார்த்ததற்குச் சொன்ன காரணம்தான் தவறு. குடலுக்குள் தினமும் சுமார் 90 கிளாஸ் திரவம் இறங்குகிறது. நாம் குடிப்பது 20-தான். மீதியை எச்சில், இரைப்பை, பித்தம், கணையம், குடல் எல்லாம் சேர்ந்து உடம்பிலிருந்தே ஊற்றுகின்றன. அத்தனையையும் குடல் திரும்ப உறிஞ்சி, கடைசியில் ஒன்றிரண்டு கிளாஸை மட்டும் வெளியே விடுகிறது. கிருமி வந்தால் இந்த உறிஞ்சும் வேலை கெடுகிறது, சில கிருமிகள் ஊற்றும் குழாயையும் திறந்துவிடுகின்றன. போவது பெரும்பாலும் உடம்பின் சொந்தத் தண்ணீர். நாம் கொடுப்பதை நிறுத்தினால் அது நிற்காது. வரவை நிறுத்தினால் செலவு நிற்குமா?

வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்துக்கொண்டே இருப்பதும் பாதி வைத்தியம்தான். உப்புத் துணை இல்லாத தண்ணீர் வெளியறையில் நிற்காது, உள்ளறைக்கு நழுவிவிடும். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். சரி, உப்புத் தண்ணீர் கொடுத்தால்? கெட்டுப்போன குடல் உப்பைத் தனியாக உள்ளே விடத் தயங்கும். இங்கேதான் சர்க்கரை வருகிறது. குடல் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். ஒரு குளுக்கோஸ் இரண்டு சோடியத்தைக் கூட்டிக்கொண்டு நுழையும், அவற்றின் பின்னாலேயே தண்ணீர். காலராவின் நஞ்சு மற்ற வழிகளைக் கெடுத்தாலும் இந்தக் கதவைத் தொடுவதில்லை.

இந்தக் கதவைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1831-ல் இங்கிலாந்தில் காலரா இறங்கியபோது, ஓஷானசி என்ற அயர்லாந்து இளைஞர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அதில் தண்ணீரும் உப்பும் குறைந்திருப்பதைச் சொன்னார். மறு வருஷமே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் உப்பு நீரை ரத்தக் குழாயில் ஏற்றிச் சிலரை எழுப்பினார். பிறகு அதை மறந்தேவிட்டார்கள். அந்த ஓஷானசிதான் பின்னால் கல்கத்தாவுக்கு வந்து இந்தியாவுக்குத் தந்திக் கம்பி இழுத்தவர். கல்கத்தாவில் 1953-ல் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி வாய்வழியாக உப்பும் குளுக்கோஸும் கொடுத்துப் பார்த்து எழுதினார். 1959-ல் அதே நகரில் சம்புநாத் தே காலராக் கிருமியின் நஞ்சுதான் குடலைத் திறந்துவிடுகிறது என்று காட்டினார். 1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு அமெரிக்க இளைஞர்கள், போகிற அளவைப் பார்த்து அதே அளவு கரைசலைக் குடிக்கக் கொடுத்தால் பெரும்பகுதி ட்ரிப்ஸ் தேவைப்படாது என்று காட்டினார்கள்.

ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரிகள் நம்பவில்லை. நம்பவைத்தது 1971. வங்கதேசப் போரில் அகதிகள் எல்லை தாண்டி வந்து குவிந்தார்கள், முகாம்களில் காலரா. மேற்கு வங்கத்துப் பனகாவ் ஆஸ்பத்திரியில் தரையெல்லாம் நோயாளிகள். ஏற்றுவதற்கு இருந்த பாட்டில்கள் தீர்ந்துபோயின. திலீப் மகலநாபிஸ் என்ற குழந்தை மருத்துவர், கரைசலைக் குடிக்கவே கொடுப்பது என்று துணிந்து முடிவெடுத்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் ஆப்ப சோடா. கல்கத்தாவில் பொட்டலம் போட்டு, முகாமில் டிரம்மில் கரைத்து, நோயாளியின் தாயோ தம்பியோ டம்ளரில் மொண்டு புகட்டினார்கள். அதுவரை நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. 1978-ல் லண்டன் மருத்துவ ஏடான லான்செட், இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றம் இதுவாக இருக்கலாம் என்று எழுதியது. மகலநாபிஸ் 2022-ல் காலமானார். அடுத்த வருஷம்தான் பத்ம விபூஷண் வந்தது.

"ஆப்ப சோடாவா!" என்று டீ மாஸ்டர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அவரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பிறகு வங்கதேசத்தில் பிராக் என்ற அமைப்பின் பெண்கள் 1980-களில் வீடு வீடாகப் போய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். நம் பக்கத்திலும் ஒரு பங்கு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், சீக்கிரம் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைக் கரைசலோடு சேர்த்துக் கொடுத்தால் காலராவில் பேதி குறைகிறது என்று காட்டி, 2000-ல் வெளியிட்டார்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியை நோயாளிக்குக் கொடுத்த நம் பாட்டிமார் அந்தக் கதவின் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார்கள்.

"இப்ப நான் என்ன செய்யணும், அதச் சொல்லுங்க." இப்போது கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 2002-ல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய அளவு. ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. பொட்டலத்தின் மேல் எவ்வளவு தண்ணீருக்கு என்று அச்சிட்டிருக்கும். லிட்டர் பொட்டலம் என்றால் முழுதையும் ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரில் ஒரேயடியாகக் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி டம்ளரில் போடக் கூடாது. கரைத்ததை மூடிவைத்து ஒரு நாளைக்குள் முடித்துவிட வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் வரும்வரை வீட்டில் செய்வதானால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. நாக்கில் வைத்துப் பார்த்தால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது.

ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போன பிறகும் அரை கிளாஸிலிருந்து ஒரு கிளாஸ். டம்ளரிலிருந்து வாயில் ஊற்ற வேண்டாம், ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி, இன்னும் மெதுவாக. பாலும் சோறும் இட்லியும் வழக்கம்போல. துத்தநாக மாத்திரை கொடுப்பார்கள், பேதி நின்றாலும் பதினான்கு நாளும் கொடுக்க வேண்டும். பேதியைக் கட்டுகிற மாத்திரை குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இந்தக் கரைசல் பேதியை உடனே நிறுத்தாது, அது தானாக நிற்கும்வரை பிள்ளையைக் காய விடாமல் பார்த்துக்கொள்ளும். "குடுத்தும் நிக்கலையேன்னு அத்தை சொல்லுவாங்க. நிக்கிறதுக்குக் குடுக்கல, வத்தாம இருக்கக் குடுக்கோம்னு சொல்லுங்க."

மருந்துக் கடையில் பழப்படம் போட்ட அட்டைப்பெட்டிப் பானத்தை இதுதான் ஓ.ஆர்.எஸ். என்று எடுத்துக் கொடுப்பார்கள். அவற்றில் பலவற்றில் சர்க்கரை பல மடங்கு. சர்க்கரை அளவு மீறினால் கதவு திறந்து முடிந்த பிறகு மிஞ்சியது குடலிலேயே தங்கி, உடம்புத் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும், பேதி கூடும். உரிய அளவில் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரையே போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. கலர், சோடா, பெட்டி ஜூஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதேபோல, "ஒரு குளுக்கோஸ் ஏத்திட்டா தெம்பாயிரும்" என்பதும். அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, இரண்டு இட்லியின் தெம்புதான். குடிக்க முடியாமல் துவண்டவருக்கு ட்ரிப்ஸ் உயிர் காக்கும், ஆனால் அங்கே ஏற்றுவதும் வெறும் குளுக்கோஸ் அல்ல, உப்பு கலந்த திரவம்.

"எனக்கு?" என்று தன் சட்டையைக் காட்டினார். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம், கால் மணிக்கு ஒரு தடவை இரண்டு கிளாஸ். மத்தியானம் உப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோ ஒரு செம்பு. இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் குறைவு. அதனால் அது நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. நாள் முழுக்க வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் உப்பு நீர்த்துத் தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வரும். டீ உடம்பை வற்ற வைக்கும் என்பது பெரும்பாலும் கட்டுக்கதை, இந்தக் கிளாஸும் வரவில்தான் சேரும். வேலை நடுவே யாராவது உளறினாலோ, உடம்பு கொதித்து மயங்கினாலோ நிழலில் போட்டு உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-க்குப் போன் போட வேண்டும். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் உப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டே நடக்க வேண்டும்.

இன்னும் சிலர் சத்தமில்லாமல் வற்றுவார்கள். வயதானவர்களுக்குத் தாகம் மங்கிவிடும், கேட்டுக் கேட்டுக் கொடுக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குச் சிறுநீரில் இறங்கும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். டெங்குவில் ஒரு சொட்டும் வெளியே போகாமலே ரத்தம் வற்றும். ரத்தத்தின் நீர் குழாயிலிருந்து கசிந்து உடம்புக்குள்ளேயே வேறு இடத்தில் தேங்கிவிடும். காய்ச்சல் விட்ட நாளில்தான் அந்த ஆபத்து.

இரண்டாவது லாரி வந்து ஹாரன் அடித்தது. தம்பி எழுந்தார். போகவில்லை, டீ மாஸ்டரிடம் போய் நின்றார். "மாஸ்டர், இந்தக் கிளாஸ நாளைக்குத் தாரேன்."

மறுநாள் காலை அதே பெஞ்ச். கழுவித் துடைத்த கிளாஸைக் கல்லாவில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் காட்டியாயிற்று, துத்தநாக மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பேதி இன்னும் இரண்டு தடவை போயிற்று. "ராத்திரி பூரா எங்க அத்தைதான் ஸ்பூன்ல ஊட்டுனாங்க. சுவத்துல கரிக்கட்டியால கோடு போட்டு வச்சிருக்காங்க அண்ணாச்சி. போனதுக்கு ஒரு பக்கம், குடிச்சதுக்கு ஒரு பக்கம். குடிச்ச பக்கத்துல ரெண்டு கோடு கூட."